இரண்டு உறுப்பினர் அட்டைகள்: எங்கள் பகுதிக் கிளை நூலகத்துக்கு ஒரு மதிப்புரை

எங்கள் பகுதியின் முழுநேரக் கிளை நூலகத்தைக் கடந்த ஒன்றரை ஆண்டாக வாரம் தவறாமல் பயன்படுத்தி வருகிறேன். நூலகத்தை மதிப்பிடுகிறவர்கள் வழக்கமாக எத்தனை நூல்கள் இருக்கின்றன, புதிய வரவுகள் உண்டா, உட்கார இடம் கிடைக்குமா என்றுதான் பார்ப்பார்கள். அவற்றையும் சொல்கிறேன். ஆனால் நான் முதன்மையாகப் பார்த்தது வேறொன்று. பிள்ளை படிக்க வேண்டும் என்று மனதார விரும்பியும், தான் படிப்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்ட ஒரு பெற்றோருக்கு இந்த இடம் எந்த அளவுக்கு உதவும் என்பதுதான் அது. அத்தகைய பெற்றோர்களில் நானும் ஒருத்தியாக இருந்தேன். அதனால் இந்த மதிப்புரையில் நூலகத்தைப் பற்றிய செய்தியும் எங்கள் வீட்டைப் பற்றிய செய்தியும் கலந்தே வரும்.

மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ‘என் குடும்பம்’ என்ற தலைப்பில் ஐந்து வரி எழுதியிருந்தாள். தாத்தா பேப்பர் படிப்பார், பாட்டி சஷ்டி படிப்பார், அப்பா பட்டறைக்குப் போவார், அம்மா போன் பார்ப்பார், தம்பி விளையாடுவான். ஆசிரியர் ஒவ்வொரு வரிக்கும் சிவப்பு மையில் சரி போட்டிருந்தார். ஒற்றெழுத்தில்கூடப் பிழை இல்லை. நான்காவது வரியை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரி முடிக்கும்வரை வாரம் இரண்டு நாவல்கள் படித்தவள் நான். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதும் வேலை கிடைத்து, திருமணமாகி, இரண்டு பிள்ளைகளும் பிறந்த பிறகு எந்த மாதத்தில் எந்தப் புத்தகத்தோடு அந்தப் பழக்கம் நின்றது என்றுகூட எனக்கு நினைவில்லை. என் மகளுக்கோ நான் ஒரு காலத்தில் படித்தவள் என்பதே தெரியாது. அவள் கண்ணால் கண்டதை எழுதியிருந்தாள்.

அவள் படிக்கவில்லையே என்ற கவலை எனக்கு அதற்கு முன்பே இருந்தது. அதற்காகப் பணமும் செலவழித்திருந்தேன். அலுவலகத்துக்கு வந்த ஒரு விற்பனையாளரிடம் தவணை முறையில், வழவழப்பான தாளில் அச்சான சிறுவர் கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்றை வாங்கினேன். தூசி படியாமல் இருக்க வேண்டும் என்று வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் குளிர்பதனப் பெட்டியின்மேல் வைத்தோம். தவணை முடிவதற்குள் அந்தத் தொகுதியில் இரண்டு புத்தகங்களின் உறை மட்டுமே பிரிக்கப்பட்டிருந்தது. பிறகு ஓராண்டுச் சந்தா கட்டி, கதைகளை வாசித்துக் காட்டும் செயலி ஒன்றையும் வாங்கினேன். இரண்டு வாரத்தில் அதே கருவியில் இருந்த விளையாட்டு அதை விழுங்கிவிட்டது. இரண்டு முறையும் நான் செய்தது ஒன்றுதான்: பிள்ளைக்குப் படிப்பதற்கான பொருளை வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

இதற்கு நேர்மாறான ஒன்று எங்கள் வீட்டிலேயே நடந்துகொண்டிருந்தது, எனக்குத்தான் அது உறைக்கவில்லை. என் மாமனார் காலை ஆறு மணிக்கு வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நாளிதழை விரிப்பார். நான்கு வயதில் மகள் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, படக்கதை வரும் பக்கத்தைத் தேடச் சொல்லுவாள். அவர் ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துப் படித்துக் காட்டுவார். எழுத்துக் கூட்டிப் படிக்க அவள் கற்றது பள்ளியில் என்றாலும், எழுத்தைத் தேடிப் போகும் பழக்கம் அந்த நாற்காலியில்தான் வந்தது. இன்றும் மளிகைப் பொட்டலம் கட்டிவந்த தாளைப் பிரித்தால் அவள் முதலில் அதைத்தான் படிக்கிறாள். தாத்தா செய்தித்தாள் படிப்பார், ஆகவே அவளும் செய்தித்தாள் படித்தாள். வீட்டில் யாரும் புத்தகம் படிக்கவில்லை, ஆகவே அவளும் புத்தகத்தைத் தொடவில்லை. இவ்வளவு எளிய கணக்கு எனக்குப் புரிவதற்கு ஒரு கட்டுரை நோட்டு தேவைப்பட்டது.

இனி நூலகத்துக்கு வருகிறேன். பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில், ரேஷன் கடைக்குப் பின்னால், மஞ்சள் சுண்ணாம்பு அடித்த பழைய ஓரடுக்குக் கட்டடம். காலை 8 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்கு மூடுகிறார்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை. உள்ளே நுழைந்ததும் நாளிதழ் மேசைகள், அதையடுத்து இரும்பு அலமாரிகள், கடைசியில் சன்னலை ஒட்டிச் சிறுவர் பகுதி. மொத்தம் ஒரே கூடம்தான். உறுப்பினராவதற்குக் கேட்டது முகவரிச் சான்றும் விண்ணப்பமும் மட்டுமே. காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் சேர்த்து நான் கட்டியது, குடும்பத்தோடு ஒரு வேளை உணவகத்தில் சாப்பிட்டால் ஆகும் தொகையில் சிறு பகுதி. சொல்லப்போனால் அதற்கு முன்பே நாம் எல்லோரும் இந்த நூலகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். 1948ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின்படி, நாம் செலுத்தும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகச் சேர்க்கப்படுகிறது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் அந்த வரி தனியே குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பல ஆண்டுகளாகக் கட்டிய பணத்துக்கு நான் ஒரு நாள்கூட உரிமை கோரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதல் நாள் நான் போனது மகளுக்கு அட்டை வாங்குவதற்காகத்தான். நூலகர் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “உங்களுக்கும்மா?” என்று கேட்டார். பிள்ளைக்கு மட்டும் போதும் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. “நீங்களும் ஒண்ணு எடுத்துக்கிட்டீங்கன்னா அவங்க புத்தகம் தேடுற நேரத்துல நீங்க வாசல்ல நிக்க வேண்டியதில்ல” என்று மட்டும் சொன்னார். நான் பார்த்த எந்த விளம்பரத்தைவிடவும் பயனுள்ள சொல் அது. அன்றைக்கே இரண்டு விண்ணப்பங்களாக எழுதிக் கொடுத்தேன். இந்த நூலகத்தின் சேவையில் முதல் இடத்தை நான் அந்தக் கேள்விக்குத்தான் கொடுப்பேன். பிள்ளையை அழைத்து வரும் பெற்றோரைக் காவலாளாகப் பார்க்காமல் இன்னொரு வாசகராகப் பார்ப்பதற்கு அந்த வேலையில் பல ஆண்டு அனுபவமும் அக்கறையும் இருக்க வேண்டும்.

கட்டடம் சிறியது என்பதுதான் இங்கே எனக்குக் கிடைத்த இரண்டாவது நன்மை. சிறுவர் நூல்களின் குட்டையான அலமாரியும் நாவல்களின் அலமாரியும் ஒரே மர பெஞ்சுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நிற்கின்றன. மகள் ஒரு பக்கம் கை நீட்டிப் படப் புத்தகம் எடுப்பாள். நான் மறுபக்கம் கை நீட்டி நாவல் எடுப்பேன். இருவரும் முதுகைச் சன்னலுக்குக் கொடுத்து ஒரே பெஞ்சில் உட்காருவோம். யாரும் திட்டமிட்டு இப்படி அமைத்திருக்க மாட்டார்கள், இடப் பற்றாக்குறையால் நேர்ந்ததாகத்தான் இருக்கும். ஆனாலும் படிக்கும் தாயின் தோளில் சாய்ந்து பிள்ளை படிக்கும் வாய்ப்பை இந்த அமைப்பு தருகிறது.

பெரிய நூலகங்களையும் நாங்கள் போய்ப் பார்த்திருக்கிறோம். 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் முதல் தளத்தில் செயற்கை மரம் ஒன்றின் நிழலில் குழந்தைகள் உட்கார்ந்து படிக்கும் பகுதியைக் கண்டு என் மகள் அசந்துபோனாள். 2023ஆம் ஆண்டு மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் குழந்தைகளை மனதில் வைத்து அருமையாக அமைக்கப்பட்டது. அவற்றுக்குப் போகும் பெற்றோருக்கு என் அனுபவத்தில் நான் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. குழந்தைகள் தளத்தில் நாம் கைபேசியோடு ஓர் ஓரத்தில் ஒதுங்கிவிடாமல், அங்கேயே ஒரு சிறுவர் நூலை எடுத்து நமக்காகப் படிக்க வேண்டும். நல்ல சிறுவர் நூல் பெரியவர்களையும் உட்கார வைத்துவிடும். என்னைப் பலமுறை உட்கார வைத்திருக்கிறது.

மாற்றம் உடனே வந்தது என்று சொன்னால் அது பொய். முதல் மூன்று மாதம் மகள் எடுத்து வந்த புத்தகங்களில் பாதி பிரிக்கப்படாமலேயே திரும்பிப் போயின. நான் எதுவும் கேட்கவில்லை. முன்பெல்லாம் “இன்னைக்கு எத்தனை பக்கம் படிச்ச?” என்று கேட்டு, அவள் படிப்பைக் கணக்குப் பாடமாக்கியவள் நான்தான். இந்த முறை எனக்கே படிக்க நிறைய இருந்ததால் கேட்பதற்கு நேரமில்லாமல் போனது, அதுவும் நன்மையாக முடிந்தது. ஒரு நாள் மாலை அடுக்களை மேடையில் சாய்ந்துகொண்டு ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். குக்கர் மூன்று விசில் அடித்து, நான்காவது அடித்து, ஐந்தாவதும் அடித்தது. மகள் உள்ளே ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள். “அம்மா, அதுல என்னம்மா போட்டிருக்கு?” என்று கேட்டாள்.

சோறு குழைந்துவிட்டது. அன்று இரவு சாப்பிட்டுக்கொண்டே அந்தக் கதையை, அவள் வயதுக்குத் தகுந்தபடி, அவளுக்குச் சொன்னேன். மறுநாள் பள்ளியிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், “அந்தப் பொண்ணு கடைசில அவங்க ஊருக்கே திரும்பிப் போயிடுச்சா?” என்றாள். ஒரு புத்தகம் தன் தாயின் காதை அடைத்துவிட்டது என்பதை அவள் கண்டிருந்தாள். அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆவல் அவளுக்கு அப்போதுதான் பிறந்தது என்று நினைக்கிறேன். படிப்பது நல்லது என்று அவளிடம் நான் ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். நல்லது என்று சொல்லப்பட்ட பொருள்களின் வரிசையில் அது கீரைக்கும் வெந்தயத் தண்ணீருக்கும் பக்கத்தில் இருந்தது. எனக்கு அது பிடித்திருக்கிறது என்பதை அதுவரை அவள் பார்த்ததில்லை.

வேறொரு சிறு அடையாளமும் உண்டு. படித்த இடத்தில் வைப்பதற்கு நான் நாட்காட்டியில் கிழித்த தாளைப் பயன்படுத்துவேன். சில வாரங்களில் மகளும் காலையில் எழுந்ததும் நாட்காட்டித் தாளைக் கிழித்துத் தன் புத்தகத்தில் செருகத் தொடங்கினாள். ராகு காலமும் எமகண்டமும் பார்க்க வேண்டிய தாள் காலையிலேயே காணாமல் போவதால் என் மாமியாருக்கு வருத்தம். கடைசியில், முந்தைய நாள் தாளைத்தான் எடுக்க வேண்டும் என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். புத்தகத்தில் செருகிய தாளின் தேதியைப் பார்த்தால், அவள் அந்த இடத்தை விட்டு எத்தனை நாள் ஆகிறது என்பது எனக்குத் தெரிந்துவிடும். தொடக்கத்தில் ஒரே தாள் பத்து நாள் அதே பக்கத்தில் கிடந்தது. இப்போது தாள் நாள்தோறும் மாறுகிறது.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல என்பதற்கு ஆய்வுகளும் இருக்கின்றன. 27 நாடுகளைச் சேர்ந்த சுமார் 70,000 பேரின் விவரங்களைக் கொண்டு 2010ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, நூல்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்தவர்கள், நூலே இல்லாத வீட்டில் வளர்ந்தவர்களைவிடச் சராசரியாக 3 ஆண்டுகள் கூடுதலாகப் படிக்கிறார்கள் என்று கண்டது. பெற்றோரின் கல்வி, தொழில், வசதி ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வேறுபாடு நின்றது என்பதுதான் அதில் குறிப்பிடத்தக்க செய்தி. ஆனால் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு அலமாரியை நிரப்பக் கிளம்பிவிடக் கூடாது. நான் ஒரு முறை அப்படிக் கிளம்பித்தான் கண்ணாடி அலமாரியைப் பூட்டி வைத்தேன். அந்த வீடுகளில் நூல்கள் சேர்ந்தது யாரோ ஒருவர் படித்துக்கொண்டே இருந்ததால்தான் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இயல்பாக வரும் திறனும் இதில் கலந்திருக்கும். எல்லாவற்றையும் பழக்கத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. என்றாலும் பெற்றோர் கையில் இருப்பது பழக்கம் மட்டும்தான்.

கைபேசியில் படிப்பதும் படிப்புதானே என்று என் அலுவலகத் தோழி கேட்டார். படிப்புதான், அதில் எனக்கு ஐயமில்லை. நானும் கைபேசியில் கட்டுரைகள் படிப்பவள்தான். ஆனால் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் கட்டுரை படிக்கும் அம்மாவும், புடவை விளம்பரம் பார்க்கும் அம்மாவும், வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவுக்குப் பதில் எழுதும் அம்மாவும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள்: குனிந்த தலை, நகரும் கட்டைவிரல். தாளில் அச்சிட்ட நூலை வைத்திருக்கும்போது நாம் என்ன செய்கிறோம் என்பது அறையின் மறுமுனையிலிருந்தே தெரிகிறது. எவ்வளவு படித்திருக்கிறோம், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதும் தெரிகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் நான் அச்சு நூலை மட்டும் படிப்பது என்று வைத்துக்கொண்டேன்.

என் கணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்படிப்பட்ட பேச்சுகளில் பெற்றோர் என்ற சொல் பெரும்பாலும் தாயை மட்டுமே குறித்து முடிந்துவிடுகிறது. அவர் இருசக்கர வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். பள்ளி முடித்த பிறகு புத்தகம் பக்கம் போகாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை அழைத்துப்போக வந்தவர், தொழில்நுட்ப அலமாரியில் இருசக்கர வண்டி எஞ்சின் பற்றிய ஒரு தமிழ் நூலைக் கண்டு, அங்கேயே நின்றபடி இருபது நிமிடம் படித்தார். அதை என் அட்டையில் எடுத்து வந்தோம். ஐந்து வயது மகன் அன்று இரவு அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு பிஸ்டன் படத்தின்மேல் விரலை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கதைப் புத்தகம் கொடுத்து நான் தோற்றிருக்கிறேன். இப்போது அவன் நூலகத்துக்கு வந்தால் அப்பாவின் அலமாரிக்கு நேராகப் போகிறான், படம் போட்ட எந்திர நூல்களைக் கேட்கிறான், படத்தின் கீழே எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டுகிறான். இலக்கியம்தான் வாசிப்பு என்று நான் எனக்குள் வைத்திருந்த எண்ணம் தவறு என்பதை இவர்கள் இருவரும்தான் எனக்குக் காட்டினார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு எங்கள் தெருவிலேயே விடை இருக்கிறது. பூக்கட்டி விற்கும் ஓர் அக்கா மாலையில் திண்ணையில் உட்கார்ந்து மல்லிகை தொடுக்கும்போது, ஆறாம் வகுப்பு படிக்கும் தன் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து, நூலகத்திலிருந்து எடுத்து வந்த கதையைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். நார் முடிச்சுப் போடும் கை நிற்காது, கதை எங்கேயாவது நின்றால் மட்டும் “அப்புறம்?” என்பார். அந்தப் பையன் இந்த நூலகத்தில் நான் பார்க்கும் மிகத் தீவிரமான வாசகர்களில் ஒருவன். கேட்பதற்கு ஒருவர் காத்திருக்கிறார் என்பதால் அவன் கதையைத் தேர்ந்தெடுப்பதில்கூட அக்கறை காட்டுகிறான். தாய்க்குப் பிடிக்காத கதையைப் பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கேட்கிறான். தமிழ்நாட்டில் இதற்கு மரபும் உண்டு. மன்னார்குடிப் பகுதியில் 1931ஆம் ஆண்டு மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு சிற்றூர்களுக்குப் போன நடமாடும் நூலகம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில்தான், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்ற விதிகள் உட்பட நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். அந்த விதிகளை நான் பாடமாகப் படித்ததில்லை. என் கணவர் எஞ்சின் நூலை எடுத்த அன்றும், அந்தப் பையன் தாய்க்காகக் கதையை மாற்றிய அன்றும் அவற்றின் பொருள் எனக்குப் புரிந்தது.

இனிக் குறைகள். இவற்றை மறைத்துவிட்டுப் பாராட்டினால், என்னை நம்பிப் போகிறவர்களுக்கு நான் நியாயம் செய்தவள் ஆக மாட்டேன்.

சிறுவர் பகுதியில் நூல்கள் போதாது. இருப்பவற்றில் பல பழையவை. அட்டை போய், முதுகில் துணி ஒட்டி, எண் அழிந்தவை. அன்பளிப்பாக வந்த பழைய பாடநூல்களும் தேர்வு வழிகாட்டிகளும் சிறுவர் அலமாரியில் கலந்து கிடக்கின்றன. ஒரு முறை மகள் எடுத்து வந்த கதை நூலில் கடைசித் தாளே இல்லை. முதலை குளத்தின் நடுவில் குரங்கைச் சுமந்துகொண்டு நிற்கிறது, அத்தோடு கதை முடிந்துவிட்டது. அவள் அழாத குறை. அந்த இரவு நாங்கள் நால்வரும் ஆளுக்கொரு முடிவு சொன்னோம். மாமனார் தமக்குத் தெரிந்த பழைய முடிவைச் சொன்னார். மகள் தன் முடிவை ஒரு தாளில் எழுதி அந்த நூலிலேயே ஒட்டித் திருப்பிக் கொடுத்தாள். நூலகர் அதைக் கிழித்தெறியாமல் அப்படியே அலமாரியில் வைத்தார் என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன். ஆனால் ஒரு நூலின் கடைசித் தாள் எப்போது போனது என்பதே தெரியாத அளவுக்குப் பராமரிப்பு இருப்பது சரியல்ல. கதைக்குள் முதன்முதலாகக் கால் வைக்கும் ஒரு பிள்ளை இப்படி இரண்டு முறை ஏமாந்தால், மூன்றாவது முறை வர மாட்டாள்.

உட்கார இடம் மற்றொரு சிக்கல். போட்டித் தேர்வுகளுக்குத் தயாராகும் இளைஞர்கள் காலையிலேயே வந்து மேசைகளைப் பிடித்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் அமைதியான ஓர் இடம் இல்லாதவர்களுக்கு இந்த மேசைதான் எதிர்காலம். ஆனால் அவர்களுக்காகக் காக்கப்படும் அமைதி சிறுவர் பகுதிக்கும் நீளும்போது, பிள்ளைக்கு ஒரு கதையைத் தாழ்ந்த குரலில் படித்துக் காட்டுவதுகூடக் குற்றம்போல் ஆகிவிடுகிறது. இரண்டு முறை எனக்கு ‘உஷ்’ என்ற ஒலி கேட்டது. சிறு பிள்ளைக்கு வாசிப்பு என்பது முதலில் ஒரு குரல்தான். வாரத்தில் ஒரு மணி நேரமாவது சத்தமாக வாசிக்க அனுமதியுள்ள நேரம் என்று இருந்தால் பெரிய உதவியாக இருக்கும். நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கிறது, ஆண்டுக்குச் சில கூட்டங்கள் நடக்கின்றன. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வாசிக்கும் நிகழ்ச்சி ஒன்றுகூட நான் பார்த்தவரையில் நடக்கவில்லை. கழிப்பறை பெரும்பாலும் பூட்டியே இருக்கிறது, ஐந்து வயதுப் பிள்ளையோடு வருகிறவர்களுக்கு இது சிறிய செய்தி அல்ல.

நூல் பற்றாக்குறையை ஓரளவு ஈடுகட்டப் பள்ளி உதவுகிறது. அரசுப் பள்ளிகளில் 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காக வெளிவரும் ‘ஊஞ்சல்’ இதழ் எங்கள் வீட்டுக்கு வரும் நாளில், அதை யார் முதலில் படிப்பது என்று எனக்கும் மகளுக்கும் உண்மையாகவே போட்டி நடக்கிறது. வாசிப்பு இயக்கத்தின் வழியாகப் பள்ளிகளுக்கு வந்த நுழை, நட, ஓடு, பற என்ற படிநிலைகளில் அமைந்த சின்னஞ்சிறு நூல்கள், நீளமான புத்தகத்தைக் கண்டு மிரளும் பிள்ளைகளுக்கு ஏற்றவை. மகனுக்காக அக்காவே அவற்றை எடுத்து வருகிறாள். இத்தகைய நூல்கள் கிளை நூலகத்தின் சிறுவர் அலமாரியிலும் நிறைய இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். சன்னலோரப் பெஞ்சில் பெற்றோரும் ஒரே மூச்சில் படித்து முடித்துவிடக்கூடிய அளவு அவை.

இரவல் முறை எளிமையானது. நூலின் பின்பக்கத்தில் ஒட்டிய சீட்டில் திருப்பித் தர வேண்டிய தேதியை முத்திரையிட்டுத் தருகிறார்கள். அந்த முத்திரையைத் தன் கையால் குத்த வேண்டும் என்று மகன் கேட்பான். கூட்டமில்லாத நேரத்தில் நூலகர் அனுமதிப்பார். திருப்பித் தரும் நாள் தவறினால் சிறு தொகை அபராதம். என் அபராதம் மகளுடையதைவிட அதிகம் என்பதை அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அம்மா நாவலை விட மனமில்லாமல் வைத்திருந்தாள் என்று அவள் சொல்லும்போது எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

மொத்தத்தில், ஐந்துக்கு மதிப்பெண் கேட்டால் நூலிருப்புக்கு இரண்டரை, பராமரிப்புக்கு இரண்டு, நூலகரின் அணுகுமுறைக்கு ஐந்து, பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கும் வாய்ப்புக்கு நாலரை கொடுப்பேன். வாசிப்பைப் பிள்ளைக்கு மட்டும் வாங்கிக் கொடுக்க நினைப்பவர்களுக்கு இந்த நூலகம் ஏமாற்றம் தரும். அவர்கள் எதிர்பார்க்கும் புத்தம் புதிய நூல்கள் இங்கே இல்லை. தாமும் படிக்கத் தயாராக இருப்பவர்களுக்கு இதில் குறைபட அதிகம் இல்லை. கண்ணாடி அலமாரியை நாங்கள் திறந்துவிட்டோம். கலைக்களஞ்சியத்தின் மூன்று தொகுதிகள் இப்போது தரையில், மகனின் கை எட்டும் இடத்தில், ஓரம் மடங்கிக் கிடக்கின்றன.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். அடையாள முகவரிச் சான்றின் நகலை இரண்டாக எடுத்துச் செல்லுங்கள், இரண்டு விண்ணப்பங்களுக்கும் ஒவ்வொன்று தேவைப்படும். கதை நூலை எடுத்தவுடன் கடைசித் தாள் இருக்கிறதா என்று அங்கேயே புரட்டிப் பாருங்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முன்பாகப் போய்விட்டால் சன்னலோரப் பெஞ்சு காலியாக இருக்கும்; அதில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், மகனை மடியில் வைத்துக்கொண்டால் நான்கு பேர்.